யோனாவோடு போன மணிச்சத்தம்

ஆறுதல்புரம் கோயில் மணி தன் சத்தத்தைக் கோபுரத்தில் விடாமல் நாய் நிற்கிற இடத்தில் விட ஆரம்பித்தது ஆடி மாதக் காற்றில்தான். அந்தக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மணல் ஒரு மேட்டைக் காலிசெய்து இன்னொரு மேட்டில் குடியேறுவதும், கொடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த ஊர்க்காரர் இடுப்பில் அகப்படுவதும் வருஷாவருஷம் நடக்கிறதுதான் என்பதால், மணிச்சத்தம் இடம் மாறியதை முதல் இரண்டு நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மணியடிக்கிறவர் ஏசுவடியான். ஊரில் அடியான் என்றுதான் கூப்பிடுவார்கள். கோயிலைக் கூட்டி, விளக்கு வைத்து, பாய் விரித்து, மணியடிக்கிற ஆளுக்கு அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் கோயில்குட்டி என்று பெயர். அடியானுக்கு அறுபத்து நாலு வயதாகியும் அவர் குட்டிதான். மனைவி ஞானப்பூ இறந்து இரண்டு வருஷம். அவள் விட்டுப்போனது ஒரு இரும்புப் பெட்டியும் ஒரு செவலை நாயும். கூப்பிட்டால் எதிர்த்திசையில் ஓடுகிற நாய் அது. நினிவேக்குப் போ என்றால் கப்பலேறி வேறெங்கோ போன தீர்க்கதரிசியின் பேரை அதற்கு வைத்தவள் அவள்தான். யோனா. காலையில் தேரிக்குள் ஒரு நடை போய் வராவிட்டால் யோனா தட்டில் வாய் வைக்காது. அதனால் அடியான் ஐந்தரைக்கு ஜெபமணியை அடித்துவிட்டு, விடிகிற வெளிச்சத்தில் அதைக் கூட்டிக்கொண்டு முள் நிறைந்த உடைமரங்களுக்கு நடுவே நடப்பார்.

அன்றைக்கு யோனாவுக்குப் பொறுமையில்லை; அவர் கயிற்றைப் பிடிக்குமுன்பே ஓடிவிட்டது. அவர் இழுத்தார். கயிறு இறங்கியது, ஏறியது, மேலே நாக்கு மணியில் போய் மோதுவது கைக்குத் தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அது தேரியின் ஓரத்துக் கொல்லாமரத்து அடிமூட்டிலிருந்து வந்தது. அங்கே மாட்டைக் கறந்துகொண்டிருந்த பியூலா தலையைத் திருப்பிப் பார்த்தாள். யோனா உட்கார்ந்து பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு பாய் அளவு இடத்திலிருந்து, நூறு வருஷத்து வெண்கலச் சத்தம் கணீர் கணீரென்று எழும்பிக்கொண்டிருந்தது. மாடு அன்றைக்கு அரைப்படி பால் கூடுதலாகக் கொடுத்தது என்று அவள் பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

மூன்றாம் நாள் கமிட்டி கூடியது. செயலர் எட்வின் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவர். கோபுரத்தில் ஏறி மணியைத் தட்டிப் பார்த்தார்; தூணில் தட்டியது போலிருந்தது. நாயைக் கோபுரத்தின் கீழே கட்டிப்போட்டு இழுக்கச் சொன்னார்; வாயில் துணி கட்டிய பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல் வந்தது. அவிழ்த்துவிட்டு இழுக்கச் சொன்னார். நாய் ஓடிய திசையெல்லாம் மணி திருத்தமாக ஒலித்தது. எட்வின் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கமிட்டிப் புத்தகத்தில் தன் கையாலேயே எழுதினார்: "மணிச்சத்தம் தற்காலிகமாக நாயின் வசம் இருப்பதாகச் சபை அறிந்து கொள்கிறது. அடியான் அவர்கள் நாயோடு நடக்கவும், கயிற்றைப் பிடிக்கப் பொருத்தமான ஒருவரை நியமிக்கவும் தீர்மானிக்கப்பட்டது." பொருத்தமான ஒருவர் அகப்படாததால் மறுநாள் காலையிலிருந்து எட்வின் சாரே கயிற்றைப் பிடித்தார்.

மணி இப்படி நடமாட ஆரம்பித்ததும் ஊர் அதற்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொண்டது. மணிச்சத்தம் கேட்கவில்லை என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டு ஆராதனைக்கு வராத தெற்குத் தெருக்காரர்களின் வாசலில் யோனா போய்ப் படுத்துக்கொண்டதால், அவர்கள் வேறு வழியில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து நாயை அழைத்தார்கள். எழுந்து நடக்க முடியாத ஒரு கிழவி, சாகிறதுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியைப் பக்கத்தில் கேட்க வேண்டும் என்றாள். யோனா அவள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது, மணி கட்டிலுக்கடியில் அடித்தது, கிழவி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை அது ஊரெல்லையைத் தாண்டிச் சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. சண்டை வரும் என்று எட்வின் சார் வேர்த்துக்கொண்டிருந்தபோது பூசாரி பேச்சிமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார்.

"சாரே, எங்க மணியப் போன கொடைத் திருவிழாவுல எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான். ஒங்க மணி வந்து செத்த நேரம் அடிச்சிட்டுப் போகுது, சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடல. நாளைக்கும் அனுப்பி வையும்."

இப்படியாக நாய் ஊருக்கு மணியானது போல, அடியான் அவருக்குத் தெரியாமலே ஊருக்குப் பிரசங்கியானார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், வேதத்தை மட்டும் தானாகவே எழுத்துக்கூட்டிப் பழகி நாலு தடவை முடித்தவர். யோனாவுக்குப் பின்னால் நடக்கும்போது கண்ணில் படுவதெல்லாம் அவருக்கு அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கமாகத் தெரியும். திரும்பி வரும் வழியில் பியூலா பால் செம்போடு நின்று, "இன்னைக்கு யோனா என்ன பிரசங்கம் பண்ணுச்சு?" என்று கேட்பாள், அவர் சொல்வார்.

"நேத்து நாங்க நடந்த தடம் இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல தாயி. ராத்திரியோட ராத்திரியாக் காத்து தொடச்சிட்டுது. ஆண்டவரு மன்னிக்கிறதும் அப்படித்தான். நாமதான் பழைய தடத்தத் தேடிக்கிட்டு அலையுதோம்."

இன்னொரு நாள்: "குளிப்பாட்டி விட்டேன், நேரா போயிக் கருவாட்டுக் குப்பையில பெரண்டுட்டு வந்து நிக்குது. ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் நாம நிக்கலியா, அந்த மாதிரி. நானும் திருப்பிக் குளிப்பாட்டுனேன். அவரும் சலிக்கிறதில்ல."

வேறொரு நாள்: "உடைமுள்ளு ஏறிட்டுது. நொண்டிக்கிட்டே வந்து என் மடியில காலத் தூக்கி வைக்குது. நமக்கு முள்ளு தச்சா, தச்ச காலச் செருப்புக்குள்ள ஒளிச்சிக்கிட்டுல்லா நடக்கோம்."

பியூலா வழியாக இது பால் வாங்குகிற வீடுகளுக்கெல்லாம் போனது, அங்கிருந்து ஐயர் வீட்டுக்குப் போனது. அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அந்த வருஷம் வந்திருந்த ஐயர் இளவயதுக்காரர், நல்ல விஷயம் எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்கிறவர். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கருவாட்டுக் குப்பை வந்தது. முள்ளும் வந்தது. "இந்த வாரம் பிரசங்கம் பண்ணுனது நாய், ஐயரு வாசிச்சாரு அம்புட்டுத்தான்" என்று ஊர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டது.

ஆனால் தேரிக்குள் ஓரிடத்தில் மட்டும் அடியானுக்கு ஒரு பாடமும் அகப்படவில்லை. அது இடி விழுந்து தலை போன மொட்டைப் பனை. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ஊருக்குத் திரும்பும். மற்றது மேற்கே இரண்டு மணல்மேடு ஏறியிறங்கி அருமைநாயகத்தின் தோட்டத்துக்குப் போகும். யோனா தினமும் மொட்டைப் பனை வந்ததும் மேற்கே இழுக்கும். அடியான் தினமும் சங்கிலியை ஊருக்கு இழுப்பார். இழுத்த வேகத்தில் மணி தொண்டை அடைத்து, இரண்டு இருமு இருமி, நின்றுபோகும்.

ஊரில் அதைக் கேட்டு, "மணிக்குச் சளி பிடிச்சிருக்கு, சுக்குக் காப்பி போட்டுக் குடுங்க" என்றார்கள்.

அருமைநாயகம் ஞானப்பூவின் அண்ணன், அடியானுக்கு மச்சான். ஒன்பது வருஷமாகக் கோயில் வாசல் மிதிக்காதவர். காரணம் உப்பு.

ஒன்பது வருஷத்துக்கு முந்தின அசனப் பண்டிகை. ஊர் முழுக்கச் சாதி வீடு பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. பன்னிரண்டு ஆட்டுக்கறி, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு. குழம்பு கொதிக்கிற அசனக் கிடாரத்துப் பக்கம் பெண்கள் வரக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. கிண்டுகிற துடுப்பைப் பிடிக்கிறவர்தான் உப்புப் போட வேண்டும் என்று இன்னொரு சட்டம். அந்த வருஷம் துடுப்பு அருமைநாயகத்தின் கையில். அவர் விறகெடுக்கப் போயிருந்த நேரம், மணியடிக்கப் போய்க்கொண்டிருந்த அடியான் கிடாரத்துப் பக்கம் நின்று ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். உப்பில்லை. ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஓலைக்கொட்டானில் இருந்த கல்லுப்பை எடுத்துக் கவிழ்த்துவிட்டு ஓடினார். பந்தியில் முதல் கவளம் வைத்தபோது எண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் கடலைக் குடித்த மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். எட்வின் சார் கிடாரத்துப் பக்கம் போய்ப் பார்த்தார். இரண்டு கொட்டான் காலியாகக் கிடந்தது.

"யாரு வே ரெண்டு கொட்டான் உப்பப் போட்டது?"

எல்லோரும் துடுப்பைப் பார்த்தார்கள். அருமைநாயகம் பேசவில்லை. அடியானின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அதில் ஒன்று நான் போட்டது என்று சொல்ல அடியானுக்கு வாய் வந்தது. கோயில் வேலைக்காரன் அசனத்தைக் கெடுத்தான் என்றால் மணியைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயமும் கூடவே வந்தது. பயம் ஒரு எட்டு முன்னால் வந்தது. அருமைநாயகம் துடுப்பைக் கிடாரத்தில் போட்டுவிட்டுத் தேரிக்குள் நடந்தார். அன்றிலிருந்து அவருக்கு உப்பளத்தார் என்று பேர். ஞானப்பூவின் அடக்கத்துக்குக்கூடக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று மண் அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்.

இதை அடியான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த வருஷத்து அசனம் நெருங்கியது. கயிறு இழுத்து எட்வின் சாரின் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துப் போயிருந்தன. புதன்கிழமை அவர் அடியானைக் கூப்பிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்.

"இங்க பாரும் அடியான். அசனத்துக்கு மணியடிச்சாத்தான் ஜெபம், ஜெபம் முடிஞ்சாத்தான் சோறு. வெளியூர்லேர்ந்து பிஷப் வாராரு. அவருகிட்டப் போயி, ஐயா கொஞ்சம் பொறுங்க, மணி ஓணான் வெரட்டிக்கிட்டிருக்குன்னு சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கெழமைக்குள்ள சத்தம் கோபுரத்துக்கு வந்தாச் சரி. வராட்டா ஒலிபெருக்கியில மணிச்சத்தம் போட்டுக்கிடுதோம். அப்ப ஒமக்கு இங்க வேலை இருக்காது. சாவியக் குடுத்திரும்."

அடியான் சரி என்று தலையாட்டினார். முப்பத்தோரு வருஷம் இடுப்பில் கிடந்த சாவி அன்றைக்கு நடையெல்லாம் தொடையில் குத்தியது.

வெள்ளிக்கிழமை காலை மொட்டைப் பனையில் யோனா முன்னிரண்டு காலையும் மணலில் ஊன்றி மேற்கே இழுத்தது, அவர் கிழக்கே இழுத்தார், மணி இருமியது. வேலியோரம் மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருந்த பியூலா நிமிர்ந்தாள்.

"ஏ மாமா, எல்லா எடத்துலயும் பாடம் கண்டுபிடிக்கீரு. ஓணான்ல இருக்கு, கருவாட்டுல இருக்கு. இந்தப் பனை மூட்டுல மட்டும் ஒமக்குக் கண்ணு தெரியாமப் போயிருமோ?"

"இங்க ஒண்ணுமில்ல தாயி."

"நாய்க்குத் தெரியுது, ஒமக்குத் தெரியல" என்றுவிட்டு அவள் புல்லை அறுத்தாள்.

அன்று பகல் முழுக்க அடியான் கோயிலில் பாய்களை வெயிலில் போட்டுத் தட்டினார். தட்டத் தட்ட தூசி வந்துகொண்டேயிருந்தது. காணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவன், தன் பேரில் தன் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடத்தில் போக வேண்டும் என்று வேதத்தில் சொல்லியிருப்பதை அவர் நாலு தடவை வாசித்திருந்தார். நாலு தடவையும் அடுத்த பக்கத்தை வேகமாகத் திருப்பியிருந்தார்.

சனிக்கிழமை காலை, மொட்டைப் பனை மூட்டில், யோனா மேற்கே இழுத்தபோது அடியான் குனிந்து சங்கிலியை அவிழ்த்துவிட்டார்.

எட்வின் சார் அப்போதுதான் கொப்பளத்தில் துணி சுற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தார். நாய் ஓடியது. மணி முதல் மேட்டில் ஏறியது, இறங்கியது, இரண்டாம் மேட்டில் ஏறியது. ஒரு மாதமாகத் தொண்டையில் அடைத்திருந்ததெல்லாம் கரைந்து போனது போலத் தேரி முழுக்கக் கணீரென்று அடித்தது. கௌதாரிகள் எழும்பின, மயில்கள் ஒன்றையொன்று கூப்பிட்டன. அடியான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் கணுக்கால் புதையப் புதைய, தன் மணிக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினார். கடைசி மூன்று அடி, யோனா எட்டிப் பார்த்த அருமைநாயகத்தின் கிணற்றுக்குள் அடித்தது. தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது.

அருமைநாயகம் தலையில் துண்டோடு, கையில் வாளிக் கயிற்றோடு நின்றார்.

"மணி எங்க கெணத்துக்குள்ள கேக்குதேன்னு எட்டிப் பாத்தேன். நீரும் வந்திருக்கீரா?"

யோனா நேராகத் துவைகல்லுக்குப் பின்னால் போய், ஒரு நசுங்கிய அலுமினியத் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து அருமைநாயகத்தின் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தது.

"அதுக்கு இங்க தட்டு இருக்கா?" என்றார் அடியான்.

"ஏழு வருசம் சனிக்கெழமை தவறாம வந்துது. கூட்டிட்டு வந்தவ போயிட்டா. அப்புறம் வரல. தட்டு அங்கயே கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"ஞானப்பூ சனிக்கெழமை வெறகு பெறக்கல்லா போவா?"

"வெறகும் பெறக்குவா" என்றார் அருமைநாயகம். "அப்படியே அண்ணனுக்குக் கொழம்பும் கொண்டாருவா."

அடியான் கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அடங்கினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று அந்த மூச்சோடேயே சொன்னார்.

"மச்சான். அன்னைக்கு அசனத்துல ஒரு கொட்டான் உப்பு நான் போட்டேன். நீரும் பொறவு போட்டிருப்பீரு, அதான் கூடிப்போச்சு. எம்மேல தப்பு. நான் வாயத் தொறக்கல. ஒம்ம மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

அருமைநாயகத்தின் கையிலிருந்து கயிறு நழுவி வாளி கிணற்றில் விழுந்தது.

"நீரு போட்டீரா?"

"ஆமா."

"ஞாபகமாப் போட்டீரா?"

"ஞாபகமாத்தான் போட்டேன்."

"எலே யோனா, கேட்டியா!" அருமைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் தோள் குலுங்கியது, அழுகிறார் என்று அடியான் நினைத்தார், சிரித்துக்கொண்டிருந்தார். "மாப்ளே, நான் ஒரு கல்லு உப்புகூடப் போடல வே! வெறகெடுத்துட்டு வாரேன், கொட்டானும் கையுமா ஒம்ம பொண்டாட்டி நிக்கா. கிடாரத்துப் பக்கம்! 'அண்ணே, இந்த மனுசன் உப்புப் போட வந்தாரு, போடாமலே மணியடிக்க ஓடிட்டாரு, எப்பவும் மறக்கிறவருதானே, நான் போட்டுட்டேன்'னா. பயத்துல அவதான் ரெண்டு கொட்டானையும் கவுத்துட்டாளோன்னு நெனச்சேன்."

"அவ போட்டாளா?"

"அவளுக்குக் காய்ச்சல்னா நீரு வைக்கிற கஞ்சியில ஒருநாளாவது உப்பு இருந்திருக்கா? ஆயுசுல ஒரே ஒரு நாளு ஒமக்கு உப்பு ஞாபகம் வந்திருக்கு. அதுவும் எண்ணூறு பேரு கொழம்புல!"

அடியான் வாயைத் திறந்தார். சிரிப்பு வந்தது. இரண்டு வருஷமாக ஞானப்பூவை நினைத்தால் வருவது வேறு. இன்றைக்குச் சிரிப்புதான் வந்தது. இருவரும் கிணற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பின்ன ஏன் மச்சான் நீரு சொல்லல?"

"எப்படிச் சொல்ல? கோயில்குட்டி பொண்டாட்டி கிடாரத்தத் தொட்டான்னா ஒம்ம கையிலேர்ந்து மணியப் பிடுங்கிருவாங்க. சத்தியம் வாங்கிட்டா." பிறகு சிரிப்பு இறங்கின குரலில் சொன்னார்: "உப்பளத்தார்னு ஊரு சொன்னதுகூட எனக்கு வருத்தமில்ல வே. ஒரு நாளு நீரு இந்த மேட்டத் தாண்டி வந்து, போவட்டும் விடும் மச்சான்னு சொல்லுவீருன்னு பாத்தேன். நாயி வந்துது. நீரு வரல."

"வந்துட்டேன்" என்றார் அடியான்.

அன்று மாலை கமிட்டிக்கு முன்னால் அடியான் சாவியை மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஒரு கொட்டான் தன்னுடையது, மற்றது ஞானப்பூவினுடையது, துடுப்புப் பிடித்தவர் ஒரு கல்கூடப் போடவில்லை. ஐயர் மெதுவாக, பெண்கள் கிடாரத்துப் பக்கம் வரக்கூடாது என்கிற சட்டம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். எட்வின் சார் அறுபது வருஷத்துப் புத்தகங்களைப் புரட்டினார். எங்கும் இல்லை. அவர் சாவியை எடுத்து, கொப்பளித்த கையாலேயே அடியானின் கையில் வைத்தார்.

"கயித்த நீரே பிடியும். என்னால முடியாது."

ஞாயிற்றுக்கிழமை அடியான் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது, யோனா பந்தலில் அருமைநாயகத்தின் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது; மணி கோபுரத்தில் அடித்தது. அன்றிலிருந்து கோபுரத்தில்தான் அடிக்கிறது, சனிக்கிழமை நீங்கலாக. சனிக்கிழமை ஜெபமணி தேரிக்கு மேற்கே ஒரு கிணற்றுக்குள் அடிக்கும். அதையும் கமிட்டிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜெபம் முடிந்து எண்ணூறு பேரும் முதல் கவளத்தை வாயில் வைத்தார்கள். வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிஷப்பும் பார்த்தார். குழம்பில் உப்பே இல்லை. கமிட்டி மறுபடியும் துடுப்பைக் கொடுத்திருந்த அருமைநாயகம் மாப்பிள்ளை போட்டிருப்பார் என்று விட்டிருந்தார். மாப்பிள்ளை மச்சான் போட்டிருப்பார் என்று விட்டிருந்தார். அந்த வருஷம் முதல் தடவையாகக் கிடாரத்துப் பக்கம் வந்து நின்ற பெண்களோ, பழைய கதை தெரிந்ததால், கொட்டானைத் தொடவே பயந்து நின்றார்கள்.

முதலில் சிரித்தது பியூலா. பிறகு பந்தி முழுக்கச் சிரித்தது. உப்புக் கொட்டான் கைமாறிக் கைமாறி வந்தது; எல்லோரும் தங்களுக்குப் போடாமல் பக்கத்து இலைக்குப் போட்டார்கள். அருமைநாயகம் ஒரு சிட்டிகை எடுத்து அடியானின் இலை மேல் கையை நீட்டினார்.

"போதுமா மாப்ளே?"

"இன்னும் ரெண்டு கல்லு போடும் மச்சான்" என்றார் அடியான்.

பந்திக்கு வெளியே யோனா, உப்பைப் பற்றிய எந்தக் கவலையும் இல்லாமல், தன் நசுங்கிய தட்டில் கறியைத் தின்றுகொண்டிருந்தது.